பேராதனைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கண்டியில் வீடிருந்தால் ஆண்டுக்கு நாலு தரமாவது விருந்தாளிகள் வருவார்கள். மனைவியின் பக்கம் யாழ்ப்பாணம், என் பக்கம் ஹட்டன், மச்சான் குடும்பம் கனடா. யார் வந்தாலும் முதல் நாள் தலதா மாளிகையும் வாவிக்கரையும், இரண்டாம் நாள் பேராதனைத் தாவரவியல் பூங்கா. இருபது தடவைக்கு மேல் ஆட்களைக் கூட்டிப் போயிருப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பூங்கா எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

கொழும்பு–கண்டி வீதியில், கண்டி நகரத்துக்கு ஆறு கிலோமீட்டர் முன்னாலேயே பூங்கா வந்துவிடும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கண்டிக்குள் போய், அந்த நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்று, மறுபடி திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன். பேராதனையிலேயே இறங்குங்கள். பஸ் என்றால் வாசலுக்கு முன்னாலேயே இறங்கலாம். ரயில் என்றால் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாகக் கண்டிக்கு 320 கிலோமீட்டர் அளவில் வரும். ரயிலில் வந்தால் பொல்கஹவெலையில் மாற வேண்டும். இரண்டிலும் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வந்த அன்றே பூங்கா பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். இரவு தூங்கி எழுந்து காலையில் போங்கள்.

எத்தனை மணிக்குப் போவது? எவ்வளவு நேரம் வேண்டும்?

காலை 7.30க்குத் திறக்கும். எட்டு மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது. பத்து மணிக்குப் பிறகு பாடசாலைப் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். வெள்ளைச் சீருடையில் ஐந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓர்க்கிட் வீட்டுக்குள் நுழைந்தால் நீங்கள் பார்ப்பது தலைகளைத்தான். பாவம், அவர்களுக்கும் அது சந்தோஷ நாள். நாம்தான் முன்கூட்டிப் போக வேண்டும்.

நேரம் குறைந்தது மூன்று மணித்தியாலம். பூங்கா 147 ஏக்கர். ஒருமுறை ஒரு வான் சாரதி, பெயர் வேண்டாம், "ஒரு மணித்தியாலம் போதும் சேர், எல்லாரும் அப்பிடித்தான்" என்று சொல்லி வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நாங்கள் பார்த்தது பூந்தோட்டமும் கழிப்பறையும் மட்டும். வாகனம் பேசும்போதே அரை நாள் என்று பேசிவிடுங்கள்.

டிக்கெட் எவ்வளவு?

விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. மச்சான் தமிழிலும் சிங்களத்திலும் சரளமாகப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. கனடாக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறவர் கனடா விலைதான் கொடுக்க வேண்டும். இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கையில் எடுத்து வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. வானம் திறந்திருக்கும், வழுக்காது, பூமரங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் பூக்கும். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு மழை வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்த மாதங்களில் வந்தால் காலையிலேயே சுற்றி முடித்துவிடுங்கள். குடை எந்த மாதமும் வேண்டும். ஓகஸ்ட் பக்கம் தலதா மாளிகையின் எசல பெரஹெர ஊர்வலம் நடக்கும் நாட்களில் கண்டியில் தங்க அறை கிடைப்பதே கஷ்டம். பெரஹெர பார்க்க வருகிறவர்கள் பூங்காவையும் சேர்த்துப் பார்க்கலாம், பூங்காவுக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

பூப் பார்க்க வந்தோம். பூ எங்கே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதுவும் கொஞ்சம் கோபத்தோடு. மலர்க் கண்காட்சியை மனதில் வைத்து வருகிறவர்களுக்கு முதல் கால் மணித்தியாலம் ஏமாற்றமாக இருக்கும். பாத்தி கட்டிய பூந்தோட்டம் இருக்கிறது, ஓர்க்கிட் வீடு இருக்கிறது. இரண்டும் அழகுதான். ஆனால் 147 ஏக்கரில் அவை ஒரு மூலை. மீதி எல்லாம் மரம்.

பேராதனையில் பூவைத் தேடுகிறவர் கண்ணைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். நாகலிங்க மரத்தில் பூ கிளையில் வராது, அடிமரத்திலேயே தண்டு தண்டாகத் தொங்கும். ஒரு பூவைக் கீழே விழுந்த இடத்தில் எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு இதழ் ஆறு, தடிப்பாக, மெழுகு பூசியது போல. நடுவில் சின்னதாய் ஒரு குமிழ், அதுதான் லிங்கம். அதற்கு மேல் மகரந்தக் கேசரங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து படம் எடுத்த பாம்பு மாதிரி கவிழ்ந்து நிற்கும். அந்தப் படத்தில் இருக்கும் மகரந்தம் முளைக்காது, வண்டுக்கும் தேனீக்கும் தீனி. லிங்கத்தைச் சுற்றிய வளையத்தில் இருப்பதுதான் காய் பிடிக்க வைக்கும் மகரந்தம். தேன் ஒரு துளி கிடையாது. வாசனையோ பத்தடி தள்ளியே வரும்.

நமக்கு அது சிவன் கோயில் பூ. இங்கே பௌத்த விகாரைகளிலும் 'சல்' என்று சொல்லி வளர்க்கிறார்கள். ஆனால் புத்தர் கதையில் வரும் சால மரம் வேறு. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். இரண்டு மதமும் சேர்ந்து ஒரு வெளியூர் மரத்தைச் சொந்தமாக்கிக்கொண்டன. இதன் காய் பீரங்கிக் குண்டு அளவில் இருக்கும், விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்காது. 1901இல் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக வந்தவரும் அவர் மனைவி மேரியும் வந்தபோது நட்டதும் நாகலிங்க மரம்தான். அறிவிப்புப் பலகை இருக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று அம்ஹெர்ஸ்டியா. பர்மாவிலிருந்து வந்தது. சிவப்புக் கொத்து தலைகீழாகத் தொங்கும், இதழ் நுனியில் மஞ்சள் பொட்டு. உலகத்தின் மிக அழகான பூமரம் என்று சொல்வார்கள். எனக்கு நாகலிங்கம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஓர்க்கிட் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

எல்லாரும் பெரிய பூவின் முன் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் சின்னதைத் தேடுங்கள். இலங்கைக்கே உரிய ஓர்க்கிட் ஒன்று உண்டு, சிங்களத்தில் வெசாக் மல். வெசாக் பண்டிகை வரும் மே மாதத்தை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காட்டில் பிடுங்கிப் பிடுங்கியே அரிதாகிவிட்டது.

நேரம் குறைவு. கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

நான் கூட்டிப் போகும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் இரட்டைத் தேங்காய். சீசெல்ஸ் தீவுகளில் இரண்டே இரண்டு தீவில் இயற்கையாக வளரும் பனை இனம். தாவர உலகத்தில் இதைவிடப் பெரிய விதை கிடையாது, ஒரு காய் இருபது கிலோவைத் தொடும். முற்றுவதற்கே ஆறேழு வருஷம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சீசெல்சில் இந்த மரம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாத காலத்தில் வெற்றுக் காய்கள் கடலில் மிதந்து மாலைதீவில் ஒதுங்கின. கடலுக்கு அடியில் ஏதோ மரம் காய்க்கிறது என்று நம்பினார்கள். அதன் தாவரவியல் பெயரில் இன்றைக்கும் மாலைதீவுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காயின் வடிவத்தைப் பார்த்ததும் பெரியவர்கள் சிரிப்பார்கள், ஏன் சிரிக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது அரசப்பனைச் சாலை. 1950இல் நட்டவை. சிமெந்துத் தூணை வரிசையாக நிறுத்தி உச்சியில் ஓலை செருகினாற்போல் இருக்கும். எல்லாருடைய அல்பத்திலும் இருக்கிற படம் இங்கே எடுத்ததுதான்.

அந்தச் சாலை புற்றரைக்குப் போகும். அங்கே ஒரு ஜாவா ஆல் நிற்கிறது. ஒரே மரம், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சோலை என்று நினைப்பீர்கள். கிளைகள் அகலவாக்கில் ஓடித் தரையைத் தொடப் போகின்றன. வெயிலில் நடந்து வந்து அந்த நிழலுக்குள் நுழைந்ததும் உடம்பு சட்டென்று குளிரும். நாங்கள் எப்போதும் இந்த மரத்தடியில்தான் துண்டு விரித்து உட்காருவோம்.

பிறகு ஆற்றங்கரை மூங்கில். பூங்காவை மகாவலி கங்கை மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. அந்தக் கரையில் பர்மாப் பக்கத்து இராட்சத மூங்கில் புதர்கள். ஒரு கழி பெரியவரின் தொடையை விடத் தடிப்பு, நூறடி உயரம். மழைக்காலத்தில் புது முளை ஒரு நாளைக்கு ஒரு அடி வரை வளரும். ஒரு ஜூலையில் மகள் தன் தோளளவு நின்ற முளை ஒன்றைப் பார்த்து வைத்தாள். மூன்றாம் நாள் சித்தப்பா வந்தார் என்று மறுபடி போனோம். அது என் தலைக்கு மேல் நின்றது. "அப்பா, அது என்னை முந்திட்டுது" என்று அவளுக்கு ஒரே ஆத்திரம். முளையைச் சுற்றிய மட்டையில் கறுத்த மயிர் இருக்கும், தொட்டால் அரிக்கும். அவள் தொட்டாள்.

கடைசியாகத் தாளிப்பனை. முப்பது வயதிலிருந்து எண்பது வயதுக்குள் எப்போதோ ஒரு முறை, ஒரே ஒரு முறை பூக்கும். உச்சியில் இருபது அடிக்கு மேல் ஒரு பூங்கொத்து, இலட்சக்கணக்கில் பூ. காய் முற்ற ஒரு வருஷம், அதோடு மரம் செத்துப்போகும். நீங்கள் போகும் நாளில் ஒன்று பூத்திருந்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பழைய சிங்கள ஏடுகள் இதன் ஓலையில் எழுதப்பட்டவை.

பனை மரம் கூட இருக்கிறதாமே?

இருக்கிறது. 1887இல் நட்ட பனைச் சாலை. மற்ற ஆட்கள் இதை எட்டிப் பார்க்காமல் போவார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களை நான் கட்டாயம் இங்கே கூட்டி வருவேன்.

மாமி முதல்முறை வந்தபோது, "தம்பி, பனையைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். சரி, இரண்டு நிமிஷம் நின்று போவோம் என்றேன். கிட்டப் போனவர் ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு அடுத்த மரம். பிறகு அதற்கடுத்தது. "இதில ஒருத்தரும் ஏறினதில்லைப் போல கிடக்கு" என்றார். எனக்கு எல்லாப் பனையும் ஒன்றுதான். அவருக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரிந்தது. நாரும் தேய்ப்பும் பட்ட மரத்துக்கும் படாத மரத்துக்கும் பட்டையிலே வேறுபாடு இருக்குமாம். புல்லு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நுங்கு வெட்டுவதில்லையா என்று கேட்கச் சொன்னார். நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இது பார்ப்பதற்கு மட்டும் என்றார். "பார்க்கிறதுக்குப் பனையோ" என்று மாமி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

மரத்தின் பெயரை வாசித்துக்கொண்டு போனால் பத்து நிமிஷத்தில் சலிக்கும். வேலை கொடுங்கள். வாசலுக்குக் கிட்ட வாசனைத் திரவியத் தோட்டம் இருக்கிறது. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், மிளகு, வனிலா. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் ரெண்டு கராம்பும் கொண்டு வந்து, முகர்ந்து பார்த்து மரத்தைக் கண்டுபிடி என்று சொல்லுங்கள். இலை பறிக்கக் கூடாது. கீழே கிடக்கிற இலையைக் கசக்கிப் பார்க்கலாம்.

வனிலாவுக்கு ஒரு கதை உண்டு. ஐஸ்கிரீமில் இருக்கிற வனிலா ஓர்க்கிட் குடும்பத்துக் கொடி. சொந்த ஊரான மெக்சிக்கோவை விட்டு வந்த பிறகு அது பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மொண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் பெருவிரலும் வைத்துப் பூவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த முறைதான். பன்னிரண்டு வயதுப் பையன் என்றதும் எங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயது போனைக் கீழே வைத்தது.

சாய்ந்து நிற்கும் குக் பைன் மரங்களும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நிமிர்ந்து வளர வேண்டிய மரம் குடித்தவர் மாதிரிச் சாய்ந்து நிற்கும். உலகம் முழுக்க இந்த இனம் பூமத்தியரேகையின் பக்கமாகவே சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. போனில் திசைகாட்டி இருக்கும்தானே, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பூங்கா யார் கட்டியது? நமக்கு ஏதும் தொடர்பு உண்டா?

கண்டி மன்னர் காலத்தில் இங்கே அரச தோட்டம் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போதுள்ள பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் தொடங்கியது. ஆங்கிலேயர் பூங்கா வைத்தது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பயிர் இந்த மண்ணில் காசு தரும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாகவும் இது இருந்தது.

தொடர்பு கேட்டீர்களே, மலையகத் தமிழருக்கு நிறையவே உண்டு. 1823இல் பக்கத்துக் கம்பளையில் சிங்ஹபிட்டிய தோட்டத்தில் கோப்பி போட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்கள் நடந்தும் கப்பலிலும் வந்தது அந்தக் கோப்பிக்கு. அடுத்த ஆண்டு, 1824இல், சீனாவிலிருந்து கொண்டு வந்த தேயிலைச் செடியைப் பேராதனையில் நட்டார்கள். சும்மா பார்க்கிறதுக்குத்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் வந்தது. அப்போது பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளை வைத்துத்தான் அந்தப் பூஞ்சைக்கு இங்கிலாந்தில் பெயர் வைத்தார்கள். இருபது வருஷத்துக்குள் கோப்பி முடிந்தது. மலை முழுக்கத் தேயிலையானது. இறப்பரும் அப்படித்தான். 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த நாற்றுகளைக் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடத் தாவரவியல் பூங்காவில் வளர்த்தார்கள்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவர். இந்தக் கதையை ஜாவா ஆலமரத்தடியில் வைத்து அவருக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம பாட்டன் பூட்டன் கோப்பிக்கு வந்தவங்கடா. தேயிலைக்கு வந்தோம்னு பிள்ளைங்களுக்கு மாத்திச் சொல்லிக் குடுக்காத" என்றார். அப்புறம் எழுந்து தனியாக ஆற்றுப் பக்கம் நடந்து போனார்.

பாடசாலையில் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: இரண்டாம் உலகப் போரில், 1944இல், நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் இந்தப் பூங்காவுக்குள்தான் வைத்திருந்தார். விண்வெளிக்குப் போன யூரி ககாரின் 1961இல் வந்தபோது நட்ட மரமும் இருக்கிறது.

வயதானவர்கள் நடக்க முடியுமா?

முக்கியப் பாதைகள் சமதரைதான், தார் போட்டவை. சக்கர நாற்காலி போகும். ஆற்றங்கரைப் பக்கமும் புற்றரையும்தான் கஷ்டம். வாடகைக்குச் சின்ன வண்டி உண்டு, ஆனால் கூட்டமான நாளில் அதை நம்பி வராதீர்கள். முழங்கால் வலிக்காரர்களை நான் ஜாவா ஆல் வரை மெதுவாகக் கூட்டி வந்து, அங்கே பாய் விரித்து உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களோடு ஆற்றுப் பக்கம் போய் வருவேன். உட்கார்ந்தவர்கள் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை. நல்ல தூக்கம் வரும் இடம்.

சாப்பாடு கொண்டு போகலாமா?

உள்ளே உணவகம் உண்டு. எங்கள் வீட்டில் பார்சல்தான்: வாழையிலையில் புளிச்சோறு, அவித்த முட்டை, பருப்பு வடை, ஒரு பிளாஸ்க் பிளேன்டீ. இலை, பேப்பர், போத்தல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

எச்சரிக்கை: குரங்கு. பை சரசரக்கிற சத்தம் அதற்கு நன்றாகத் தெரியும். கனடாப் பிள்ளை ஒன்று பிஸ்கட் நீட்டியது. "சோ கியூட்" என்று சொல்லி முடிக்கவில்லை, ஒன்று மரத்திலிருந்து இறங்கி, பிஸ்கட்டை விட்டுவிட்டு, பின்னால் இருந்த வடைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டு வடை. கிளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து, செத்தல் மிளகாயை மட்டும் எடுத்துக் கீழே போட்டுச் சாப்பிட்டது. சாப்பாட்டை மூடி வையுங்கள். தீனி போடாதீர்கள், கண்ணைப் பார்த்து முறைக்காதீர்கள்.

மரத்தில் கறுப்புக் கறுப்பாகத் தொங்குவது என்ன?

பழந்தின்னி வௌவால். ஆயிரக்கணக்கில் தொங்கும். பகலிலும் சண்டை பிடித்துக் கத்திக்கொண்டே இருக்கும். சிறகை விரித்தால் மூன்றரை, நாலடி வரும். நேர் கீழே நிற்க வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆற்றுக்கு மேல் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது, ஒரே நேரத்தில் சில பேரைத்தான் விடுவார்கள். ஆடும். எங்கள் சித்தி பாதி வரை போய்க் கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தக் குடைகள்…?

ஆமாம், காதலர்கள். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு மரத்தடியில் குடை விரிந்திருந்தால் வேறு பக்கம் திரும்பி நடங்கள். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். பிள்ளைகள் கேட்டால், படிக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

ஹக்கலவா, பேராதனையா?

ரோஜாவும் குளிர் நாட்டுப் பூவும் வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குக் கிட்டவுள்ள ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். வழியில் சீதா எலிய கோயிலும் இருப்பதால் நம் ஆட்களுக்கு அது வசதி. வெப்பமண்டலத்து மரம், பனை, ஓர்க்கிட் என்றால் பேராதனை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். மலையேறும் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்குச் செடி வாங்கிப் போகலாமா?

பூங்காவின் விற்பனை நிலையத்தில் கன்றுகள் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். பேராதனை கடல் மட்டத்திலிருந்து 1,500 அடி உயரம், வருஷத்தில் பாதிக்கு மேல் ஈரம். அந்தூரியம் கொழும்பில் நிழலில் பிழைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காற்று காய்ந்த காற்று. ஓர்க்கிட் வேண்டாம் என்று மாமியிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மடியில் வைத்தே ஏ9 முழுக்கக் கொண்டு போனார்.

மண்ணில் வைக்காமல், மாமரத்தின் கவட்டில் தும்போடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். தண்ணீர் மழைத்தண்ணீர்தான், வாளியில் பிடித்து வைத்து. இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, இலை மட்டும். போன பங்குனியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொஞ்சம் ஆடிப்போன படம், மூலையில் அவர் பெருவிரல், நடுவில் ஊதாப் பூ மூன்று. கீழே ஒரு குரல் பதிவு: "தம்பி, பேர் எழுதின மட்டை மழைக்கு அழிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கேக்கினம். இதுக்கு என்ன பேர்?"